கேட்டாலே பிரதிதான்

இணைய வானொலி ஒன்றைத் திறந்து பாட்டுக் கேட்கத் தொடங்கியதுமே உங்கள் கைப்பேசி அந்தப் பாட்டைப் பிரதி எடுக்கத் தொடங்கிவிடுகிறது. பதிவு செய்யும் பொத்தான் எதையும் நீங்கள் தொடவில்லை. தொட வேண்டியதும் இல்லை. பிரதி எடுக்காமல் பாட்டை ஒலிக்கவைக்க அந்தக் கருவிக்கு வழியே கிடையாது. ‘இணைய வானொலியில் வரும் பாட்டைப் பதிந்து வைத்துக்கொள்வது சட்டப்படி சரிதானா?’ என்று கேட்பவர்கள் முதலில் இந்த வியப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சட்டத்துக்கு வந்த சிக்கல் அத்தனையும் இங்கேதான் தொடங்குகிறது.

பழைய வானொலிப் பெட்டி எதையும் சேர்த்து வைக்காது. ஆண்டெனாவில் அலை பட்டதும் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு அதிரும். அடுத்த நொடி வரும்போது முந்தைய நொடியின் தடயம் பெட்டிக்குள் எங்கேயும் இருக்காது. இணையத்தில் வருவதோ எண்கள். நொடிக்கு 128 கிலோபிட் என்பது இணைய வானொலிகளில் வெகுகாலமாகப் புழங்கும் வேகம். அதாவது நொடிக்கு 16,000 பைட். எம்.பி.3 முறையில் இந்த ஓட்டம் சின்னச் சின்னச் சட்டகங்களாக வருகிறது. ஒரு சட்டகத்தில் 1,152 ஒலி மாதிரிகள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான கணக்கில், ஒரு சட்டகத்துக்குள் அடங்குவது ஏறத்தாழ 26 மில்லிநொடிப் பாட்டு. நான்கு நிமிடப் பாட்டு ஒன்று ஒன்பதாயிரத்துச் சொச்சம் சட்டகங்களாக உடைந்து, கடல் தாண்டி வந்து, உங்கள் கையில் மறுபடி பாட்டாகச் சேர்கிறது.

வந்து சேரும் ஒவ்வொரு சட்டகமும் பல இடங்களில் தங்கித்தான் போகிறது. முதலில் இயக்குதளத்தின் வலை நினைவகம், அடுத்து வானொலிச் செயலியின் நினைவகம், பிறகு சுருக்கத்தைப் பிரிக்கும் நிரல், கடைசியாக ஒலிச் சில்லின் நினைவகம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிரதி. வலையின் வேகம் ஏறி இறங்கினாலும் பாட்டு அறுந்துபோகாமல் இருக்க, செயலி சில நொடிப் பாட்டை எப்போதும் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். ஐஸ்காஸ்ட் என்ற ஒலிபரப்பு மென்பொருள், கேட்பவர் இணைந்ததுமே 64 கிலோபைட் அளவுக்கு மொத்தமாக அனுப்பிவிடும். ஏறக்குறைய நான்கு நொடிப் பாட்டு அது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பிரதியும் அழிக்கப்பட்டு அதே இடத்தில் அடுத்தது எழுதப்படுகிறது.

இந்த ஓட்டத்தின் நடுவே எனக்கு மிகவும் பிடித்த ஒரு பைட் உண்டு. வினாம்பைத் தந்த நல்சாஃப்ட் நிறுவனத்தின் ஷவுட்காஸ்ட் கொண்டுவந்த ஏற்பாடு அது. கேட்கும் மென்பொருள் வேண்டிக்கொண்டால், ஒலிபரப்பும் கணினி ஒலிப் பைட்டுகளுக்கு நடுவே குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு குறிப்பைச் செருகி அனுப்பும். ஐஸ்காஸ்டில் வழக்கமான இடைவெளி 16,000 பைட்; மேலே சொன்ன வேகத்தில் மிகச் சரியாக ஒரு நொடி. அந்த 16,000 முடிந்ததும் தன்னந்தனியாக ஒரு பைட் வரும். அதில் உள்ள எண்ணை 16-ஆல் பெருக்கினால், அடுத்து வரப்போகும் குறிப்பின் நீளம் கிடைக்கும். பெரும்பாலான நொடிகளில் அந்த எண் பூஜ்யம்: சொல்ல ஒன்றுமில்லை, பாட்டைத் தொடரலாம் என்று பொருள். பாட்டு மாறும்போது மட்டும் மூன்றோ நான்கோ வந்து, அதன் பின்னாலேயே பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் எழுத்தாக வரும். உங்கள் திரையில் பாட்டின் பெயர் மாறுவது இதனால்தான்.

திரையில் பெயர் காட்டுவதற்காக வைத்த அந்தக் குறிப்பே பதிவு செய்பவருக்கும் வழிகாட்டி ஆனது. ஸ்ட்ரீம்ரிப்பர் போன்ற மென்பொருள்கள், பெயர் மாறும் இடத்தில் ஓட்டத்தை வெட்டி, பாட்டுக்கு ஒரு கோப்பாகப் பெயரிட்டுச் சேமித்துவிடும். நான்கு நிமிடப் பாட்டுக்கு 3.84 மெகாபைட். நிலையம் அனுப்பிய அதே பைட்டுகள் ஒன்றுகூட மாறாமல் கோப்பில் இருக்கும். கேசட்டில் பிடித்த பாட்டில் ஏறும் இரைச்சல் இங்கே கிடையாது. ஆக, இணைய வானொலியில் பதிவு செய்வது என்றால் புதிதாக எதையும் எடுப்பதல்ல. ஏற்கெனவே எடுத்ததை எறியாமல் இருப்பதுதான்.

பதிப்புரிமைச் சட்டங்களோ பிரதி எடுத்தல் என்ற ஒற்றைச் செயலின் மேல்தான் எழுப்பப்பட்டவை. யார் பிரதி எடுக்கலாம், யாரைக் கேட்டு எடுக்க வேண்டும் என்பதே அவற்றின் ஆதாரக் கேள்வி. கேட்பதே பிரதி எடுப்பதாகிவிட்ட ஊடகத்தில் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது?

இந்தத் தகராறு இணையத்துக்கு வெகு முன்னாலேயே, காந்த நாடாவோடு தொடங்கிவிட்டது. 1950-களில் மேற்கு ஜெர்மனியில் டேப் ரெக்கார்டர் வீடுகளுக்குள் நுழைந்தபோது, இசைப் படைப்பாளிகளின் சங்கமான கெமா நீதிமன்றத்துக்குப் போனது. வீட்டில் உட்கார்ந்து வானொலிப் பாட்டைச் சொந்தமாகப் பதிவு செய்தாலும் அது படைப்பாளியின் உரிமையைத் தொடுகிறது என்று 1955-இல் அந்நாட்டு உச்ச நிலை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. உரிமை கிடைத்துவிட்டது. ஆனால் எந்த வீட்டில் எவர் என்ன பதிகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? டேப் ரெக்கார்டர் வாங்குபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு விவரத்தைத் தங்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கெமா தயாரிப்பாளர்களிடம் கோரியது. 1964-இல் நீதிமன்றம் அதை மறுத்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கண்காணிப்பது, வீட்டின் புனிதத்தைக் காக்கும் அரசியல் சட்டத்தோடு மோதும் என்றது. ஒரு பாட்டின் உரிமைக்காக ஒரு வீட்டின் கதவைத் திறக்க முடியாது என்று அறுபது வருடத்துக்கு முன்பே வந்த இந்தத் தீர்ப்பை, பதிப்புரிமையின் வரலாற்றிலேயே மிக முக்கியமான ஒன்றாக நான் கருதுகிறேன்.

அடுத்த ஆண்டே, 1965-இல், ஜெர்மனி ஒரு புது வழி கண்டது. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வதைச் சட்டம் அனுமதித்தது. அதற்கு ஈடாகப் பதிவுக் கருவியின் விலையோடு ஒரு சிறு தொகையை வசூலித்துப் படைப்பாளிகளுக்குக் கொடுத்தது. கேட்பவரை யாரும் துரத்தவில்லை. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஏதோ கொஞ்சம் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு பல நாடுகள் இதே வழியில் நடந்தன. கனடாவில் வெற்றுக் குறுந்தகடு வாங்கினால் 29 சென்ட் இசைக்காகப் போகும்.

இந்தியாவில் அப்படி ஒரு வசூல் இல்லை. தமிழ்நாட்டில் டேப் ரெக்கார்டர் இருந்த வீடுகளில் இலங்கை வானொலிப் பாட்டைக் கேசட்டில் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். அறிவிப்பாளரின் குரல் ஓய்ந்து பாட்டின் முன்னிசை தொடங்கும் சரியான இடத்தில் பொத்தானை அழுத்துவது அன்றைக்கு ஒரு கைத்திறமை. அதைச் செய்தவர்கள் யாரும் நீதிமன்றத்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ கருவியை எதிர்த்து யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 1984-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடே என்றது. குழந்தைகள் நிகழ்ச்சியால் அந்நாடு முழுக்க அறியப்பட்ட ஃப்ரெட் ராஜர்ஸ், தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து பார்ப்பதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று சாட்சி சொன்னார்; தீர்ப்பு அதை எடுத்துக் காட்டியது. நீதிபதிகளில் ஒருவர் மாறி நின்றிருந்தால் உலகம் முழுவதும் வீட்டுப் பதிவுக் கருவிகளின் கதியே வேறாகியிருக்கும்.

பின்னர் 1992-இல் வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம் வந்தது. வணிக நோக்கமில்லாமல் இசையைப் பதிவு செய்யும் நுகர்வோர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றது. அதற்கு ஈடாக, டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவிகளின் விலையில் 2 சதவீதமும் வெற்று நாடா, தகடுகளின் விலையில் 3 சதவீதமும் இசைத் துறைக்கு. எல்லாம் சரியாகத்தான் அமைந்தது. கணினியை மட்டும் அந்தச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை. டயமண்ட் நிறுவனத்தின் ரியோ என்ற கையடக்க எம்.பி.3 கருவியை எதிர்த்து இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் போட்ட வழக்கில், கணினியின் வன்தட்டு பல வேலைகளுக்கானது, அது இச்சட்டம் சொல்லும் ஒலிப்பதிவுக் கருவி அல்ல என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் ரியோ தப்பித்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கேசட்டில் பதிபவருக்குக் கிடைப்பதைப்போலக் கணினியில் பதிபவருக்குக் கிடைக்காமல் போனது. பாட்டு அதே, ஆள் அதே, நோக்கமும் அதே. கணினியில் பதிபவர் பீட்டாமேக்ஸ் தீர்ப்பின் நியாயமான பயன்பாட்டையே நம்பி நிற்க வேண்டும்.

பதிவு செய்துவிடுவார்களோ என்ற அச்சம் இணைய வானொலியின் உருவத்தையே தீர்மானித்தது. 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இணைய வானொலிகளுக்கு ஒரு பொது உரிமம் தந்தது: கட்டணத்தைச் செலுத்திவிட்டு எந்தப் பாட்டையும் ஒலிபரப்பலாம், ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனியே கையேந்த வேண்டாம். நிபந்தனைகளைப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்குள் ஒரே தொகுப்பிலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் போடக் கூடாது. அவற்றிலும் இரண்டுக்கு மேல் அடுத்தடுத்து வரக் கூடாது. ஒரே பாடகரின் பாட்டு நான்குக்கு மேல் கூடாது. எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே பட்டியல் வெளியிடக் கூடாது. பழைய நிகழ்ச்சியைச் சேமித்து வைத்துக் கேட்கத் தருவதானால் அது ஐந்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கவும் கூடாது. கேட்பவரைப் பதிவு செய்யும்படி தூண்டக் கூடாது. இத்தனை கூடாதுகளுக்கும் பின்னால் நிற்பவர் ஒருவரே: பட்டியலைப் பார்த்துக் காத்திருந்து பதிவு செய்துவிடக்கூடிய கேட்பவர். அமெரிக்க இணைய வானொலியில் அடுத்த பாட்டு என்னவென்று தெரியாமல் காத்திருக்கும் சுகம் இருக்கிறதே, அதில் பாதி சட்டம் எழுதியது.

சரி, செயலியின் நினைவகத்தில் சில நொடி தங்கும் அந்தப் பிரதிகள்? அவையும் பிரதிகள்தானே? 2008-இல் நியூயார்க்கில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது. கேபிள்விஷன் என்ற நிறுவனம், வீட்டில் இருக்க வேண்டிய பதிவுக் கருவியைத் தன் கட்டடத்தில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தினால் அங்கே பதிவாகும்படி செய்திருந்தது. அதற்காக எல்லா நிகழ்ச்சிகளும் ஓர் இடைநினைவகம் வழியே ஓடிக்கொண்டே இருந்தன. எந்தத் துணுக்கும் அங்கே 1.2 நொடிக்கு மேல் தங்காது. அவ்வளவு குறைவாகத் தங்குவது சட்டம் சொல்லும் பிரதி ஆகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. பிரதியா இல்லையா என்பதை ஒரு கடிகாரம் முடிவு செய்த வழக்கு இது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: வன்தட்டில் விழும் முழுப் பதிவைச் செய்தவர் பொத்தானை அழுத்திய வாடிக்கையாளர், நிறுவனம் அல்ல.

அழுத்திய விரல் யாருடையது என்பது ஐரோப்பாவில் வேறு மாதிரி விடிந்தது. இத்தாலியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இணையம் வழியே பதிவு செய்து, கேட்டவருடைய இணையச் சேமிப்பில் போட்டுத் தந்த வீகாஸ்ட் என்ற சேவையை 2017-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஏற்கவில்லை. தனிநபர் தனக்காகப் பதியலாம் என்பது உண்மை. ஆனால் இந்தச் சேவை நிகழ்ச்சியைத் தானே பிடித்து மக்களிடம் கொண்டுபோகிறது, அதற்குத் தனி அனுமதி தேவை என்றது. நீங்களாகப் பதிவதும், பதிந்து தருவதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் வாங்குவதும் ஒன்றல்ல. பிரிட்டனில் இன்னும் குறுகலான வாசல். ஒலிபரப்பாவதை வசதியான நேரத்தில் கேட்பதற்காக மட்டும் வீட்டில் பதிந்துகொள்ளலாம். குறித்த நேரத்துக்குக் குறித்த நிகழ்ச்சி என்று ஓடும் இணைய வானொலியும் அங்கே ஒலிபரப்பாகவே கொள்ளப்படுகிறது. நிரந்தரமாகச் சேர்த்து வைக்க அந்த வாசல் திறக்காது. சொந்த உபயோகப் பிரதிக்கென 2014-இல் கொண்டுவந்த பொதுவான விலக்கை மறு ஆண்டே உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இனி நம் நாடு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐச் சேர்ந்தது. 1994-இலும் 2012-இலும் பெரிய திருத்தங்களைக் கண்டது. இணைய வானொலி கேட்பவர் அதில் மூன்று இடங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிவு 52 எது மீறல் ஆகாது என்று பட்டியலிடுகிறது. தனிப்பட்ட, சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளல் மீறல் ஆகாது என்பது அதன் முதல் வரிசையிலேயே இருக்கிறது. 2012 திருத்தம் அதற்கு ஒரு விளக்கமும் சேர்த்தது: அந்த நோக்கத்துக்காக ஒரு படைப்பை மின்னணு ஊடகத்தில் சேமிப்பதும் மீறல் அல்ல. அடுத்த உட்பிரிவு, மின்னணுப் பரிமாற்றத்தின் தொழில்நுட்பப் போக்கில் தற்காலிகமாகத் தங்கும் பிரதிக்கு விலக்குத் தருகிறது. அமெரிக்க நீதிமன்றம் 1.2 நொடியை அளந்து கண்ட முடிவை நம் சட்டம் ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துவிட்டது. பிரிவு 39, பாட்டின் உரிமையாளரை விட்டுவிட்டு ஒலிபரப்பு நிலையத்தின் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஒலிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் ஒலிப்பதிவு செய்தால் நிலையத்தின் உரிமை மீறப்படுவதில்லை என்கிறது. கேசட்டில் பாட்டுப் பிடித்த தலைமுறையை மனத்தில் வைத்தே எழுதியதுபோல இருக்கும் அந்த வரி.

ஆகவே, ஓர் இணைய வானொலியில் வரும் பாட்டை உங்கள் சொந்தக் கருவியில், நீங்களே கேட்பதற்காகப் பதிந்து வைத்துக்கொள்வது இந்தியச் சட்டத்தில் உறுதியான தரையில் நிற்கிறது என்பது என் முடிவு. அந்தத் தரையின் ஓரங்களையும் சொல்லிவிட வேண்டும். நியாயமான கையாளல் என்பதில் ‘நியாயமான’ என்ற சொல் சும்மா இல்லை. இரவு பகலாகப் பத்து நிலையங்களை ஓடவிட்டுப் பல்லாயிரம் பாட்டுகளைக் குவிப்பவருக்கு அது எளிதில் கைகொடுக்காது. பதிந்ததை நண்பர்கள் குழுவில் அனுப்பினாலோ வலையில் ஏற்றினாலோ சொந்த உபயோகம் அந்த நிமிடமே முடிந்துபோகிறது. உரிமமே வாங்காமல் பாட்டுப் போடும் நிலையத்திலிருந்து பதிவதும் வேறு கதை. சட்டவிரோதமான மூலத்திலிருந்து எடுக்கும் பிரதிக்குச் சொந்த உபயோக விலக்குக் கிடையாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இலேயே சொல்லிவிட்டது. நம் நீதிமன்றங்களும் அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடாது.

வானொலி வேறு, கேட்ட பாட்டைக் கேட்ட நேரத்தில் தரும் செயலி வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. செயலிகளில் பாட்டு பூட்டோடு வருகிறது. பூட்டை உடைத்து எடுக்கக் கூடாது என்பது சந்தா ஒப்பந்தத்திலேயே இருக்கும். உரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது நம் சட்டத்தின் பிரிவு 65அ. வெளிப்படையாக ஓடும் இணைய வானொலியில் உடைப்பதற்குப் பூட்டே இல்லை.

நிறுவனங்கள் கேட்பவரின் இந்த வாசல் வழியே நுழையப் பார்த்ததும் உண்டு. டிப்ஸ் இசை நிறுவனத்துக்கும் விங்க் மியூசிக் செயலிக்கும் நடந்த வழக்கில், வாடிக்கையாளர் பாட்டை இறக்கி வைத்துக்கொள்வது அவருடைய சொந்த உபயோகம்தானே என்ற வாதம் விங்க் தரப்பிலிருந்து வந்தது. பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் வணிகத்துக்கு அந்த விலக்கு உதவாது என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குச் சட்டம் தரும் உரிமம் இணையச் சேவைகளுக்குப் பொருந்தாது என்பதும் அதே தீர்ப்பு. 2022-இல் இரு நீதிபதி அமர்வும் அதை உறுதிசெய்தது. இதில் நீதிமன்றத்தின் பக்கம் நிற்கிறேன். கேட்பவருக்காகச் சட்டம் திறந்து வைத்த சிறு கதவை வணிகம் தோளால் இடித்து அகலமாக்கினால், கடைசியில் கதவே மூடப்படும், இழப்பு கேட்பவருக்குத்தான்.

உண்மையான ஒரு பாட்டை வைத்தே இத்தனையும் பொருத்திப் பார்க்கலாம். 1961-இல் வந்த ‘பாசமலர்’ படத்துப் பாட்டு ஒன்று ஏதோ ஓர் இணைய வானொலியில் ஓடுகிறது. அதை நீங்கள் பதிகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு; 2021 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் பாட்டு வரிகளுக்கு எழுதியவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். வரிகளின் உரிமை 2041 முடிவு வரை ஓடுகிறது. மெட்டு விசுவநாதன்–ராமமூர்த்தி இருவருடையது. இருவர் சேர்ந்து படைத்தால் கடைசியாக மறைந்தவரின் ஆண்டே கணக்கு. ராமமூர்த்தி 2013-லும் விசுவநாதன் 2015-லும் மறைந்ததால், அது 2075 முடிவு வரை. இவை போக, இன்றைக்கு ஒலிபரப்பிய நிலையத்துக்கு இந்த ஒலிபரப்பின் மேல் மட்டும் புதிதாக ஓர் உரிமை பிறக்கிறது. அடுத்த ஆண்டு தொடங்கி 25 ஆண்டு. நிலையத்தின் உரிமையைப் பிரிவு 39 உங்களுக்காக விலக்கிவைக்கிறது. கவிஞர், இசையமைப்பாளர்களின் உரிமைக்கு எதிரே பிரிவு 52 நிற்கிறது. தட்டை வெளியிட்ட நிறுவனத்தின் உரிமையை மட்டும் காலமே விலக்கிவிட்டது.

அதே பாட்டை அதே நிலையத்திலிருந்து எடுத்து நாளைக்கு நீங்கள் ஒரு காணொலிக்குப் பின்னணியாகப் போட்டு வெளியிட்டால், அந்த இரண்டு பிரிவுகளில் எதுவும் உங்களோடு வராது. நிலையம், கவிஞரின் வாரிசுகள், இசையமைப்பாளர்களின் வாரிசுகள், அவர்களிடமிருந்து உரிமை பெற்றவர்கள் எல்லோரும் அனுமதி எங்கே என்று கேட்கலாம். இசைத்தட்டு நிறுவனத்திடம் மட்டும் கேட்க ஒன்றும் மிச்சமில்லை.